கொயந்தைக்குத் தெரியும்

வீடு வாடகைக்குக் கேட்டு யார் வந்து கேட்டைத் தட்டினாலும் ஆன்ட்டி "ஒரு நிமிசம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போவார். திரும்பி வரும்போது அவருடைய இடது இடுப்பில் ஒரு குழந்தை இருக்கும். இன்ன குழந்தை என்றெல்லாம் கிடையாது. அந்த நேரத்தில் வயிறு நிறைந்து, துணி நனையாமல், விழித்துக்கொண்டு எது இருக்கிறதோ அது. வந்தவரிடம் எந்த ஊர், என்ன வேலை என்று எதுவும் கேட்கமாட்டார். குழந்தையை அவர் பக்கம் லேசாகச் சாய்த்து, "போறியா, இவங்க கிட்ட போறியா?" என்பார். குழந்தை கை நீட்டினால் வீடு உண்டு. உதட்டைப் பிதுக்கி அழுதால், "நேத்துதான் ஒரு பார்ட்டிக்கு வாக்கு குடுத்துட்டேன்" என்று சிரித்த முகமாகச் சொல்லி அனுப்பிவிடுவார். எந்தக் கேள்வியில் தோற்றோம் என்று தெரியாமலே ஆட்கள் திரும்பிப் போவார்கள்.

ஹைதராபாத் சைனிக்புரியில் அவர் வீட்டின் கீழ்த்தளம் முழுக்கக் குழந்தைகள் காப்பகம். பெயர்ப்பலகை கிடையாது. கம்ப்யூட்டர் கம்பெனிகள் பெருகி, தம்பதியர் இருவரும் வேலைக்கு ஓட ஆரம்பித்த காலம். காலையில் அந்தத் தெருவில் கார்களும் ஸ்கூட்டர்களும் வரிசையாக வந்து ஒவ்வொரு பிள்ளையாக இறக்கிவிட்டுப் போகும். ஆன்ட்டியின் கணவர் பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்தவர். ஓய்வு பெற்று, மேலே முன் போர்ஷன், பின் போர்ஷன் என்று இரண்டும் கட்டி முடித்த கையோடு போய்ச் சேர்ந்துவிட்டார். குடியாத்தம் பக்கத்திலிருந்து கல்யாணமாகிக் கிளம்பிய ஆன்ட்டி, ஜபல்பூர், பதான்கோட் என்று ஊர் ஊராகச் சுற்றிவிட்டு இங்கே வந்து நின்றுவிட்டார். வேலூர்ப் பக்கத்துத் தமிழும் ஹைதராபாத் உருதும் அவர் வாயில் ஒன்றாகவே வரும். வேண்டாம் என்பதற்கு நக்கோ, ஆமாம் என்பதற்கு ஹவ், ஏன் என்பதற்கு கைக்கு. குழந்தை என்ற சொல்லைக் கடைசிவரை கொயந்தை என்றுதான் சொன்னார்.

"பெரியவங்க வாயால பேசுவாங்க சார். எது வேணா பேசுவாங்க. கொயந்தைக்கு பொய் தெரியாது. பாத்த ஒடனே அதுக்குத் தெரியும், நல்லவனா கெட்டவனான்னு. கடவுள் அப்டி வெச்சி அனுப்பறான்."

வாடகைக்கு மட்டும் இல்லை. வேலைக்காரம்மா, சிலிண்டர் போடுகிறவர், மோட்டார் ரிப்பேர்க்காரர் எல்லோரும் இதே வாசலைத் தாண்டித்தான் உள்ளே வந்தார்கள். தங்கை மகளைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மடியில்கூட ஒரு மார்வாடிக் குழந்தையை உட்காரவைத்தாராம். அது வீறிட்டுக் கத்தியதில் சம்பந்தம் நின்றது. பிறகு அந்த மாப்பிள்ளைக்கு முன்பே ஒரு கல்யாணம் ஆகியிருந்தது தெரிய வந்ததாம். இந்தக் கதையை எனக்கே மூன்று தடவை சொல்லியிருக்கிறார். குழந்தை சிரித்தும் மோசமாகிப் போன ஆட்களைப் பற்றிக் கதை எதுவும் அவரிடம் இல்லை.

நாங்கள் தூத்துக்குடியிலிருந்து வந்தவர்கள். எனக்கு மென்பொருள் சோதிக்கும் வேலை. மற்றவர்கள் எழுதிய நிரலில் எங்கே ஓட்டை என்று தேடுவதுதான் பிழைப்பு. மனைவிக்கு அல்வாலில் வங்கி வேலை. அவளுக்குப் பக்கமாக இருக்க வேண்டும் என்று சைனிக்புரியில் வீடு தேடினோம். நான் நல்ல கறுப்பு. அலுவலகத்தில் விளக்கு அணைந்தால் "சிரிப்பா, எங்க இருக்கேன்னு தெரியட்டும்" என்பார்கள். நானும் சிரிப்பேன். அதற்கு முன் பார்த்த இரண்டு இடங்களில் போனில் சரி என்றவர்கள் நேரில் பார்த்ததும் வேறு ஆள் வந்துவிட்டார் என்றார்கள். ஆன்ட்டி வீட்டில் என் மனைவி வாசலிலேயே தமிழில் பேச ஆரம்பித்துவிட்டாள். தமிழைக் கேட்டதும் ஆன்ட்டிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. இடுப்பில் இருந்த குழந்தை என் மூக்குக்கண்ணாடியைப் பிடித்து இழுத்தது. முன் போர்ஷன் எங்களுக்குக் கிடைத்தது. ஆக, இந்தச் சோதனை நிறம் பார்க்காது என்று நான் முடிவு செய்துகொண்டேன். என்னைத் தேர்ந்தெடுத்த சோதனையில் ஓட்டை தேட எனக்குத் தோன்றவில்லை.

ஆன்ட்டியைக் கெட்டவர் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். பதினொன்றரை மணிக்கு ஒரு பெரிய தட்டில் ரசம் சாதம் குழையப் பிசைந்து, வட்டமாக உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே தட்டிலிருந்து ஒரே கையால் ஊட்டுவார். பிகார்ப் பிள்ளை, மலையாளப் பிள்ளை, துலுக்கப் பிள்ளை, ரெட்டிகாரு பேரன் என்று எந்த வித்தியாசமும் கிடையாது. ஒரு தாய் வந்து தன் மகனுக்குத் தனித் தட்டு வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஆன்ட்டி, "தனித் தட்டுன்னா தனி க்ரெஷ் பாத்துக்கோம்மா. இங்க நக்கோ" என்று பையனின் பையை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார்.

அந்த வீட்டில் பிறந்து பகலெல்லாம் ஆன்ட்டியிடம் வளர்ந்த எங்கள் பாப்பாவுக்கு ஏழு மாதத்தில் ஒருநாள் மத்தியானம் ஜுரம் ஏறி வலிப்பு வந்தது. ஆன்ட்டி போட்டிருந்த நைட்டியோடு, காலில் செருப்பு இல்லாமல், வெயிலில் மூன்று தெரு ஓடி டாக்டரிடம் சேர்த்தார். நாங்கள் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆயிற்று. பாப்பா அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஆன்ட்டியின் பாதம் கிழிந்து ரத்தம் உறைந்திருந்தது. அதை டாக்டர் சொல்லித்தான் அவரே கவனித்தார். பாப்பாவுக்கு இரண்டு தாய் என்று என் மனைவி ஊருக்குப் போன் செய்து சொன்னாள்.

அதே ஆன்ட்டிதான் தினமும் பாப்பாவைக் குளிப்பாட்டும்போது கடலைமாவும் பாலேடும் போட்டுத் தேய்ப்பார். "அப்பா கலரு ஒட்டிகிச்சு. ஒரு வருசம் தேச்சா தெளிஞ்சிடும் சார், நீங்க கவலப்படாதீங்க." நான் கவலைப்படுகிறேன் என்று அவரிடம் சொன்னது இல்லை. ஆனாலும் தேங்க்ஸ் என்றேன்.

ஒரே ஒரு தடவை அந்தச் சோதனையில் ஒரு கோளாறு கண்ணில் பட்டது. பின் போர்ஷனைத் தன் மகளுக்குக் கேட்டு ஒரு ஓய்வுபெற்ற கர்னல் வந்தார். சிவந்த நிறம், பெரிய வெள்ளை மீசை. குழந்தை அந்த மீசையைப் பார்த்து அலறியது. ஆன்ட்டி பதறிப்போய், "தூக்கம் சாப், அதான் அயுவுது. சாயந்தரம் வாங்க" என்று உபசாரம் செய்து அனுப்பினார். சாயந்தரம் வேறு குழந்தை. அதுவும் அழுதது. மறுநாள் காலை மூன்றாவது குழந்தையிடம் அவர் தேறினார். நானும் மனைவியும் மாடியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். கர்னலின் மகள் ஒரு வருடம் இருந்துவிட்டு அமெரிக்கா போனாள். பின் போர்ஷன் மறுபடி காலியாயிற்று.

அப்போதுதான் ஒரு தான்சானியாக்காரரைப் பார்த்தேன். பக்கத்தில் ஒரு கல்லூரியில் எம்.பார்ம் படிக்க வந்தவர். முப்பது வயது இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பாப்பாவைத் தள்ளுவண்டியில் வைத்து மூலை பேக்கரிக்கு ரொட்டி வாங்கப் போவேன். அவரும் வரிசையில் நிற்பார். பாப்பாவுக்கு அப்போது ஒரு வயது முடிந்து இரண்டு மாதம். முதல் நாளே அவருடைய சாவிக்கொத்தைப் பிடித்து இழுத்தாள். அவர் தரையில் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு சாவியாக அவளுக்குக் காட்டினார். அடுத்த வாரம் அவரைத் தூரத்தில் பார்த்ததுமே இரண்டு கையையும் தூக்கினாள். வரிசையில் இருந்த மற்றவர்கள் அவரிடமிருந்து ஒரு கை தள்ளித்தான் நிற்பார்கள். பாப்பா அவர் மடியில் உட்கார்ந்து பன் தின்றாள்.

அவருடைய மனைவிக்கு ஏழு மாதம். தங்கியிருந்த அறையை மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பதினோரு வீடு பார்த்தாயிற்று என்றார். பிரசவத்துக்கு முன்னால் ஒரு சமையலறையும் தண்ணீர் வரும் குளியலறையும் கிடைத்தால் போதும் என்றார். குறை சொல்கிற குரலே இல்லை. பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னார்.

"எங்க வீட்டுப் பின் போர்ஷன் காலி. சனிக்கிழமை அஞ்சு மணிக்கு வாங்க" என்றேன்.

எனக்கு ஒரு திட்டம் இருந்தது. அன்றைக்கு ஆன்ட்டி இடுப்பில் பாப்பாதான் இருக்க வேண்டும். பாப்பா அவரிடம் தாவிப் போவாள். ஆன்ட்டியின் சட்டத்தாலேயே ஆன்ட்டியை மடக்கிவிடலாம். மனைவியிடம் சொன்னபோது, "நல்ல ஆளுதான் நீங்க. விடைத்தாளை முன்னாடியே எழுதிட்டீங்களே" என்று சிரித்தாள். அந்த வாரம் முழுக்க என் மேல் எனக்கே ஒரு மரியாதை இருந்தது.

வியாழக்கிழமை ஆன்ட்டி குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடது கையில் மணிக்கட்டுக்கு மேலே எலும்பு முறிந்து மாவுக்கட்டு போட்டுவிட்டார்கள்.

சனிக்கிழமை ஐந்து மணிக்குச் சரியாகத் தான்சானியாக்காரர் வந்தார். முழுக்கைச் சட்டை, இஸ்திரி மடிப்புக் கலையாத பேன்ட், கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. கல்லூரிக் கடிதம், பாஸ்போர்ட் நகல், கல்யாணச் சான்றிதழ் எல்லாம் வைத்திருந்தார். ஆன்ட்டியைப் பார்த்து, "குட் ஈவினிங், அம்மா" என்றார். ஆன்ட்டி வழக்கம்போல ஒரு நிமிடம் என்று திரும்பியவர், கட்டுப் போட்ட கையைப் பார்த்துவிட்டு மேலே என்னைக் கூப்பிட்டார்.

"சார், என் கைதான் இப்டி இருக்கே. நீங்களே பாப்பாவ தூக்கிக்கினு வாங்க."

இதைவிடச் சௌகரியம் வேறென்ன. பாப்பாவுக்கு முன்பே சட்டை மாற்றித் தயாராக வைத்திருந்தேன். இடது கையில் ஏந்திக்கொண்டு படி இறங்கினேன். எதிர்வீட்டு மாடியில் காயப்போட்ட துணி எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நின்று பார்த்தார்கள். தெருமுனை இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பார்த்தார். ஆன்ட்டி கேட்டில் சாய்ந்தபடி பாப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போறியா தங்கம், மாமா கிட்ட போறியா?"

வந்தவர் கோப்பினை அக்குளில் இடுக்கிக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டினார். பெரிய கைகள். பாப்பா அவரைப் பார்த்தாள். அழவில்லை. பிறகு தலையைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தாள். எதையோ படிப்பது போல ஒரு கணம் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தவள், உதடு கோணி, வீறென்று அழுதுகொண்டு என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"பரவாயில்லை" என்றார் அவர் ஆங்கிலத்தில். "தூக்கமாக இருக்கும்."

ஆன்ட்டி சிரித்த முகமாக, நேற்றுத்தான் ஒரு பார்ட்டிக்கு வாக்குக் கொடுத்துவிட்டதாக ஹிந்தியில் சொன்னார். வந்தவர் என்னைப் பார்த்தார். அன்று காலைகூட நான் போனில் வீடு காலிதான் என்று உறுதி சொல்லியிருந்தேன். "ஆன்ட்டி, இவளுக்குத் தூக்கம், நாளைக்குக் காலையில் இன்னொரு தடவை பார்க்கலாம்" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கர்னலுக்கு மூன்று தடவை நடந்தது எனக்கு ஞாபகம் இருந்தது. நான் பாப்பாவின் முதுகைத் தட்டிக்கொண்டு நின்றேன். அவர் நன்றி சொல்லிவிட்டு, கேட்டை மெதுவாகச் சாத்திக் கொக்கியும் போட்டுவிட்டுப் போனார்.

"நான் இன்னா சார் பண்றது" என்றார் ஆன்ட்டி. குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. "நீங்க சொல்லி வந்த மனுசன். வாய் நெறைய அம்மான்னு வேற கூப்பிட்டாரு. குடுத்துடலாம்னுதான் இருந்தேன். கலரு கிலரு நான் பாக்கறதில்ல. ஆனா கொயந்த சொல்லிடுச்சே. பால் குடிக்கிற கொயந்த. அதுக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க, நீங்களே சொல்லுங்க."

நான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன். 

அரைமணி கழித்துப் பாப்பாவுக்கு உடம்பு துடைத்துவிட்ட மனைவி குளியலறையிலிருந்து கூப்பிட்டாள். பாப்பாவின் இடது தொடையில் சிவப்பாக நான்கு கோடுகள். "இது என்ன, விரல் பதிஞ்ச மாதிரி இருக்கு?"

என் கையை வைத்துப் பார்த்தேன். பொருந்தியது.

"ஏன் இப்படிப் பிடிச்சீங்க?"

"தெரியல."

"ஒங்களுக்குத் தெரியாம எப்படி? ஒங்க கைதான?"

எப்போது இறுக்கினேன் என்று எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு அலுவலகத்தில் நான்தான் வகுப்பு எடுப்பேன். சோதனை என்றால் ஒன்றை மட்டும் மாற்று, மற்றது எல்லாம் அப்படியே இருக்கட்டும் என்பது முதல் பாடம். பேக்கரியில் பாப்பா வண்டியில் இருந்தாள். அன்றைக்கு என் கையில் இருந்தாள். அவரும் அதே ஆள், அவளும் அதே பிள்ளை. நடுவில் மாறியது நான் ஒருவன்தான். திட்டம் பலிக்க வேண்டுமே என்ற படபடப்பில் இறுக்கினேனா, எதிர்வீட்டுப் பெண்கள் பார்த்ததால் இறுக்கினேனா, இல்லை அந்தக் கைகள் கிட்டே வந்தபோது எனக்குள் எங்கேயோ முன்பே இருந்த ஒன்று இறுக்கியதா? இதைப் பிரித்துப் பார்க்க ஒரு வழியும் இல்லை. விளக்கு அணைந்தால் சிரி என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தவன் நான். எனக்கு இது எங்கிருந்து வந்தது என்று அன்று ராத்திரி சாப்பிடும்போது யோசித்தேன். கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. மோர் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேக்கரிக்குப் போகாமல் இருந்திருக்கலாம். போனேன். அவர் வரிசையில் நின்றார். பாப்பா வண்டியிலிருந்து எக்கி இரண்டு கைகளையும் தூக்கி, அவளுடைய மொழியில் என்னவோ கத்திக் கூப்பிட்டாள். அவர் அவளைப் பார்த்துப் புன்னகை செய்தார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேண்டாம், பாப்பா அழுவாள்" என்றார் என்னிடம்.

வீடு கிடைத்துவிட்டதா என்று கேட்டேன். யாப்ரால் பக்கம் ஒரு கடைக்கு மேலே அறை கிடைத்திருக்கிறது, குளியலறை கீழே, படி கொஞ்சம் செங்குத்து என்றார். ரொட்டி வாங்கிக்கொண்டு போய்விட்டார். பாப்பா வீடு வரும்வரை அழுதாள்.

ஆறு வாரத்தில் ஆன்ட்டியின் கட்டைப் பிரித்தார்கள். அதன் பிறகு யாராவது வீடு கேட்டோ வேலை கேட்டோ வந்தால் நான் குழந்தையைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஆன்ட்டியின் இடது கையைப் பார்க்க ஆரம்பித்தேன். வந்தவர் பேச்சும் தோரணையும் பிடித்துப்போனால் அந்தக் கை தொங்கவிட்ட துண்டு மாதிரித் தளர்ந்து கிடக்கும். குழந்தை சிரிக்கும். பிடிக்காவிட்டால் முழங்கைக்குக் கீழே ஒரு நரம்பு எழும்பும். அதற்கப்புறம்தான் குழந்தை அழும். ஆன்ட்டி பொய்யே சொல்லவில்லை. அந்த நரம்பு எழும்புவது அவருக்குத் தெரியாது. கர்னலைப் பார்த்தபோது கை தளர்ந்துதான் இருந்திருக்கும். குழந்தைகள் மீசைக்கு மட்டும் அழுதிருக்கும். அதனால்தான் ஆன்ட்டிக்கு அந்த அழுகை மேல் நம்பிக்கை வரவில்லை.

ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். "ஆன்ட்டி, தூக்கி வெச்சிருக்கிற கை எப்படியோ, அப்படித்தான் பிள்ளை."

"முப்பது வருசமா தூக்கறேன் சார்" என்றார் சிரித்துக்கொண்டே. "எந்தக் கொயந்தையாவது என் கிட்ட வராம இருந்திருக்கா? ஒண்ணு சொல்லுங்க."

அது உண்மைதான். கடைத்தெருவில் முன்பின் தெரியாத பிள்ளைகள்கூட அவர் கை நீட்டினால் தாவும். அதில் அவருக்கு ஒரு கர்வம் உண்டு.

ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். நாங்கள் வீடு மாறுவதற்கு முந்தின மாதம். சாயந்தரம் பிள்ளைகளைக் கூட்டிப் போக ஆட்கள் வரும் நேரம். ஆன்ட்டி கேட்டில் நின்றிருந்தார், நானும் பாப்பாவும் பக்கத்தில். தெருவில் அந்தத் தான்சானியாக்காரர் வந்தார். கூடவே அவர் மனைவி, மருந்துக்கடைப் பையோடு. கணவர் கையில் ஒரு குழந்தை. பத்து மாதம் இருக்கும். சுருட்டை முடி, கன்னம் இரண்டும் உப்பி, மஞ்சள் கவுன் போட்டு, தெருவில் போகிற எல்லாவற்றையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தது.

ஆன்ட்டிக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. அவருக்கும் எங்களைத் தெரிந்தது.

குழந்தையைக் கண்டால் ஆன்ட்டிக்கு வேறெதுவும் கண்ணில் படாது. இடுப்புப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கி, "அடி என் தங்கமே, வா வா, ஆன்ட்டி கிட்ட வா" என்று இரண்டு கைகளையும் நீட்டினார். தான்சானியாக்காரர் மரியாதைக்கு நின்றார். குழந்தை சிரித்தபடி ஆன்ட்டியைப் பார்த்தது. பிறகு தலையைத் திருப்பி அப்பாவின் முகத்தைப் பார்த்தது. நான் அவருடைய கையைப் பார்த்தேன். மஞ்சள் கவுனுக்கு மேல் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி இறுகின.

குழந்தை அலறிக்கொண்டு அவர் தோளில் முகத்தைப் புதைத்தது. அவர் தலையை லேசாகத் தாழ்த்தி, "மன்னிக்கணும், அம்மா" என்று சொல்லிவிட்டு நடந்தார். தெருமுனை திரும்பும்வரை அழுகை கேட்டது.

ஆன்ட்டி நீட்டிய கைகளை மடக்கவில்லை. அப்படியே என் பக்கம் திரும்பினார். அவ்வளவு வருடத்தில் அந்த முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை.

"கைக்கு சார்?" என்றார். "நான் இன்னா பண்ணேன் அதை?"

பாப்பா என் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பதில் தெரியும். இந்த உலகத்தில் அதை அவருக்குச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்தான்.

"தூக்கமா இருக்கும், ஆன்ட்டி" என்றேன்.